அமெரிக்க ஜெயிலில் இருப்பவரோடு பேச ஒரே வழி: அந்த போன் சேவை பற்றி என் அனுபவம்

2022 செப்டம்பரில் என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் ஒரு கவுண்டி ஜெயிலில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 19 நாள் இருந்தான். அவனுடைய வழக்கைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது முடிந்துவிட்டது, அவனும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த 19 நாளும் எங்களை அவனோடு இணைத்த போன் சேவையைப் பற்றித்தான் எழுத வந்தேன், ஏனென்றால் அன்று ராத்திரி நான் தேடித் தேடிப் பார்த்தும் தமிழில் ஒரு வரிகூட யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் உங்களுக்கு எந்த நிறுவனம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஜெயில் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கும்.

முதலில் ஒரு விஷயம். ஜெயில் வேறு, பிரிசன் வேறு. தண்டனை விதிக்கப்பட்டு பல வருடம் இருப்பவர்கள் பிரிசனில். கவுண்டி ஜெயில் என்பது பெரும்பாலும் விசாரணைக்குக் காத்திருப்பவர்களும், ஒரு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை பெற்றவர்களும் இருக்கும் இடம். அவன் இருந்த அதே 2022இன் நடுவில் எடுத்த அரசுக் கணக்குப்படி அமெரிக்கா முழுவதும் இந்த ஜெயில்களில் ஒரே நாளில் 6,63,100 பேர் இருந்தார்கள், அதில் பத்தில் ஏழு பேர் தங்கள் வழக்கில் இன்னும் தீர்ப்பு வராதவர்கள். என் தம்பியும் அந்த ஏழு பேரில் ஒருவன். இந்த போனுக்குப் பணம் கட்டும் குடும்பங்களில் பல, சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றவாளி ஆகாத ஒருவருக்காகத்தான் கட்டுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

முதல் போனை நான் எடுக்கவே இல்லை. தெரியாத எண், என் செல்போனே அதை 'ஸ்பேம்' என்று காட்டியது, விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடி வந்தது. எடுத்தால் ஒரு பதிவுக் குரல், இன்ன கவுண்டி ஜெயிலில் இருந்து ஒரு கைதி உங்களை அழைக்கிறார் என்கிறது, நடுவில் கைதியின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவரே தன் குரலில் பெயரைப் பதிந்து வைக்கவேண்டும், இரண்டு நொடிதான் இருக்கும். அந்த இரண்டு நொடியில் அவன் தன் பெயரைச் சொல்லவில்லை. "அண்ணா, எடு" என்று சொல்லியிருந்தான். குரல் நடுங்கியது. நான் ஏற்றுக்கொள்ள எண்ணை அழுத்தினேன், உங்கள் பெயரில் கணக்கு இல்லை, பணம் போட்டால்தான் பேசமுடியும் என்று சொல்லி லைன் துண்டாகிவிட்டது.

செல்போனுக்கு கலெக்ட் கால், அதாவது எடுப்பவர் காசு கட்டும் அழைப்பு, பெரும்பாலும் வராது, முன்பணம் போட்ட கணக்கு வேண்டும். இது எனக்குத் தெரியாது. அந்த ராத்திரி அட்டையை எடுத்து, அவனுடைய புக்கிங் எண்ணை (ஜெயிலில் சேர்க்கும்போது கொடுக்கும் எண்) ஜெயில் இணையதளத்தில் தேடி, ஆப்பை இறக்கி, அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, பணம் போட்டு முடிக்கும்போது மணி 11. உள்ளே போன் எல்லாம் 10 மணிக்கே அணைத்துவிட்டார்கள். மறுநாள் காலைவரை அவன் என்ன ஆனான் என்றே தெரியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் முதல் போன் வரும்வரை காத்திருக்காதீர்கள், எந்த ஜெயில் என்று தெரிந்த உடனே கணக்கைத் திறந்துவிடுங்கள்.

கட்டணத்துக்கு வருகிறேன். எங்களுக்கு நிமிடத்துக்கு 21 சென்ட். ஒரு போன் 15 நிமிடம், அதற்கு மேல் தானாகத் துண்டாகும், ஆக ஒரு முழு போனுக்கு 3 டாலர் 15 சென்ட். இதுவும் ஜெயில் நான் இருக்கும் மாநிலத்தில் இல்லாமல் அடுத்த மாநிலத்தில் இருந்ததால் கிடைத்த விலை. அப்போது மாநிலம் விட்டு மாநிலம் பேசும் போனுக்குத்தான் மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் உச்சவரம்பு இருந்தது, ஒரே மாநிலத்துக்குள் பேசினால் இல்லை. ஜெயில் இருக்கும் ஊரிலேயே இருந்த ஒரு கைதியின் மனைவி, தூரத்தில் இருந்த என்னைவிட அதிகம் கட்டவேண்டி வரலாம் என்ற நிலை அப்போது. அதுபோக ஒவ்வொரு தடவை பணம் போடும்போதும் 3 டாலர் தனிக் கட்டணம். நாளைக்கே வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் 15 டாலர், 15 டாலராக 9 தடவை போட்டேன், அதற்கே 27 டாலர் கூடுதலாகப் போனது. மொத்தம் 162 டாலர். எனக்குச் சம்பளம் வருகிறது, கட்டிவிட்டேன். ஜெயில் வரவேற்பறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, மகனோடு வாரத்துக்கு ஒரு போன் என்று வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கையில் ஒரு சின்ன நோட்டு, வாரம் முழுக்க அவனிடம் சொல்லவேண்டியதை அதில் எழுதி வைத்து வரிசையாகப் படிப்பாராம், 15 நிமிடத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று.

குரல் தெளிவு மோசமில்லை. ஆனால் நடு நடுவே பதிவுக் குரல் குறுக்கே வந்து இந்த அழைப்பு கண்காணிக்கப்படுகிறது, பதிவு செய்யப்படுகிறது என்று சொல்லும், அந்த நேரம் அவன் பேசியது எதுவும் கேட்காது. அந்த நொடிகளுக்கும் காசு நாம்தான் கட்டுகிறோம்.

அந்தப் பதிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வக்கீலோடு பேசுவது தவிர மற்ற எல்லாம் பதிவாகிறது, அரசுத் தரப்பு வக்கீல்கள் அதைக் கேட்டு வாங்கி கோர்ட்டில் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் நாள் அவன் "அண்ணா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று ஆரம்பித்தான். நான் "டேய், அது வேண்டாம், சாப்பிட்டியா, அதை மட்டும் சொல்லு" என்று நிறுத்தினேன். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று நினைக்கவேண்டாம், மொழிபெயர்க்க ஆள் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. தனக்கு நடந்ததைச் சொல்லி அழவேண்டிய ஒருவனை, நீ அதைப் பேசாதே என்று தினமும் நாமே அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் அவன் மற்றதைத்தான் சொன்னான். விளக்கை ராத்திரியும் முழுசாக அணைக்கமாட்டார்கள், சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறேன் என்றான். விடியற்காலை 4 மணிக்குக் காலைச் சாப்பாடு, சாயங்காலம் 4.30க்கு ராத்திரிச் சாப்பாடு, அதற்கப்புறம் கிட்டத்தட்ட 12 மணி நேரம் வயிறு காயும். ஏசி குளிர் தாங்காமல் எல்லோரும் கமிஸரியில், அதாவது ஜெயில் கடையில், உள் பனியன் வாங்குகிறார்கள். நூடுல்ஸ் பாக்கெட்டை அங்கே 'சூப்' என்றுதான் சொல்வார்கள், காசு மாதிரி அதுதான் கைமாறும். ஒரு பெரியவர் முதல் நாளே அவனிடம் ஒரு சூப் கொடுத்துவிட்டு, உன் வீட்டில் இருந்து பணம் வந்ததும் திருப்பிக் கொடு, வராவிட்டால் பரவாயில்லை என்றாராம். அந்த மனிதரின் பெயரை அவன் இன்னும் மறக்கவில்லை.

சித்தி திண்டுக்கல்லில். உள்ளே இருப்பவருக்கு நாம் போன் செய்யவே முடியாது, அவர்கள்தான் செய்யவேண்டும், இந்த ஜெயிலில் இருந்து இந்தியாவுக்குப் போட வசதியும் இல்லை. சரி, நான் கான்ஃபரன்ஸ் போடுகிறேன் என்று பார்த்தால் மூன்றாவது ஆளை இணைப்பது விதிமீறல், கண்டுபிடித்தால் லைனைத் துண்டிப்பதோடு அவனுடைய போன் உரிமையையும் எடுத்துவிடுவார்கள். அதனால் இப்படிச் செய்தோம். அவன் ராத்திரி 8 மணிக்குப் போடுவான், அப்போது திண்டுக்கல்லில் காலை 5.30. அதற்குப் பத்து நிமிடம் முன்னால் நான் சித்தியைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்வேன், அப்புறம் அவனிடம் படித்துக் காட்டுவேன். "தலைக்கு எண்ணெய் இல்லாம இருப்பியேடா" என்று ஒரு நாள் சொன்னார். படித்தேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனத்துக்கும் நிமிடத்துக்கு 21 சென்ட்.

வீடியோ சேவையும் அதே நிறுவனம்தான். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி நேரில் பார்க்கப் போனேன், போனால் நேர்ச் சந்திப்பையே நிறுத்திவிட்டார்களாம், கீழே வரவேற்பறையில் ஒரு திரை முன்னால் உட்கார வைத்தார்கள். அவன் அதே கட்டடத்தில் மேலே இருக்கிறான், நான் கீழே. கேமரா ஒரு இடம், திரை ஒரு இடம், அதனால் அவன் என்னைப் பார்க்கிறான் என்றால் எனக்கு அவன் நெற்றியும் குனிந்த இமையும்தான் தெரியும், கேமராவைப் பார்த்தான் என்றால் அவனுக்கு நான் தெரியமாட்டேன். 20 நிமிடத்தில் ஒரு தடவைகூட கண்ணும் கண்ணும் சந்திக்கவில்லை. வீட்டில் இருந்தே பார்ப்பதென்றால் தனிக் கட்டணம். மின்னசோட்டா மாநில சிறைத் துறை 2011இல் 16,000க்கும் மேற்பட்ட விடுதலையானவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு தடவையாவது யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி பெரிய குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு என்று வந்தது. அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திரையை வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு விலை என்று விசாரித்தேன். அப்போது போன் நிறுவனம் வசூலில் ஒரு பங்கைக் கவுண்டிக்குக் கொடுத்தது, சில இடங்களில் அது வசூலில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. பல இடங்களில் யார் அதிகப் பங்கு தந்தார்களோ அவர்களுக்கு ஒப்பந்தம். கண்காணிக்க ஆகும் செலவுக்கும் கைதிகள் நலனுக்கும்தான் அந்தப் பணம் என்று கவுண்டி ஜெயில்களை நடத்தும் ஷெரிஃப்கள் சொல்கிறார்கள். செலவு இருக்கலாம். அதை ஏன் கைதியின் அம்மா கட்டவேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். வாஷிங்டன் நகரில் இருந்த மார்த்தா ரைட், ஓய்வுபெற்ற நர்ஸ், கண் தெரியாதவர். பேரனை தூரத்துச் சிறைகளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள், கண் தெரியாததால் கடிதமும் உதவாது, போன் ஒன்றுதான் வழி. வழக்குப் போட்டு, 2003இல் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனு கொடுத்தார். 15 நிமிடம் பேச 17 டாலர் வரை வாங்கிக்கொண்டிருந்த காலம். ஆணையம் முதல் உச்சவரம்பைக் கொண்டுவந்தது 2013இல், பத்து வருடம் கழித்து. அவர் 2015இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் சட்டம் வந்தது 2023 ஜனவரியில். அதை வைத்து 2024இல் ஆணையம் பெரிய ஜெயில்களுக்கு நிமிடத்துக்கு 6 சென்ட் என்று குறைத்து, கவுண்டிக்குப் போகும் பங்கையும் பணம் போடும் கட்டணத்தையும் நிறுத்தியது. படித்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் 2025 ஜூனில் அதை 2027 ஏப்ரல் வரை தள்ளிவைத்தார்கள், அக்டோபரில் உச்சவரம்பையே ஏற்றினார்கள். அதனால் நான் கொடுத்த விலையை அப்படியே நம்பாதீர்கள், பணம் போடும் முன் உங்கள் ஜெயிலில் இன்று என்ன விலை என்று பாருங்கள்.

முடியாத காரியமும் இல்லை. நியூயார்க் நகரம் 2019இலிருந்து தன் ஜெயில்களில் போனை இலவசமாக்கியது, சான் ஃபிரான்சிஸ்கோ 2020இல், மாநிலச் சிறைகளுக்குக் கனெக்டிகட் முதலில் சட்டம் போட்டது, அப்புறம் கலிஃபோர்னியா, மின்னசோட்டா, மாசசூசெட்ஸ். அங்கெல்லாம் ஜெயில் ஒன்றும் இடிந்து விழவில்லை.

என் மதிப்பெண் 5க்கு 1. அந்த ஒன்றும் வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண்ணுக்காக. கணக்கு முடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வேலை நேரம் முடிந்த பிறகும் லைனில் இருந்து அதைச் சரிசெய்து கொடுத்தார்.

19ஆம் நாள் ராத்திரி 1.40க்கு ஒரு தெரியாத எண். முதல் மணியிலேயே எடுத்தேன். பதிவுக் குரல் வரவில்லை. "அண்ணா, விட்டுட்டாங்க, பெட்ரோல் பங்க்ல நிக்கிறேன், இது இங்க வேலை செய்யறவரோட போன்" என்றான். நான் போய்ச் சேர 3.40 ஆகிவிட்டது. காருக்குள் உட்கார்ந்ததும் "அம்மாவுக்கு இப்ப மணி என்ன?" என்று கேட்டான். மதியம் 1.10. ஸ்பீக்கரில் போட்டு போனை அவன் மடியில் வைத்துவிட்டு நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். 15 நிமிடம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.