டெம்பரேச்சர் கன் 61 காட்டியது, இன்ஜின் வெந்துபோனது

மெக்கானிக் துப்பாக்கி மாதிரி ஒன்றை இன்ஜினை நோக்கி நீட்டி, திரையில் ஒரு எண்ணைக் காட்டினால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். நான் ஆட்டினேன்.

மேடு ஏறும்போதெல்லாம் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது என்றுதான் காரைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறந்து, நின்ற இடத்திலிருந்தே தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியின் மேல் சிவப்புப் புள்ளியை அடித்தார். 61 டிகிரி. "தெர்மோஸ்டாட் திறக்கவே 82 வேணும் சார். இன்ஜின் இன்னும் சூடே ஆகலை, உங்க மீட்டர்தான் பொய் சொல்லுது." கூலன்ட் எவ்வளவு இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மீட்டருக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரை மாற்றினார். முள் பழையபடியே ஏறியது. அதற்கும் பதில் வைத்திருந்தார்: மீட்டரே கோளாறு, கண்டுக்காம ஓட்டுங்க.

ஓட்டினேன். நான்காம் நாள் பானெட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள சீல்) போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது.

சரிசெய்து கொடுத்த இன்னொரு மெக்கானிக்கிடம் அந்த 61 கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, அதே அலுமினிய மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினார். இன்ஜினை ஓடவிட்டு, சூடானதும் தன்னுடைய கன்னைப் பக்கத்தில் வைத்து அளந்தார். வெறும் உலோகத்தில் 58. டேப்பின் மேல் 91. இரண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளிகூட இல்லை.

அந்தக் கருவி தொட்டுப் பார்ப்பதில்லை, மேற்பரப்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கணக்குப் போடுகிறது. விலை குறைந்த கன்களில் எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக வெளிவிடும் என்ற அளவு, அதிகபட்சம் 1) 0.95 என்று பெரும்பாலும் நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். ரப்பருக்கும் மங்கலான கறுப்புப் பரப்புக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.1கூடத் தேறாது. அது தன் சூட்டைக் கொஞ்சமாகவே வெளிவிட்டு, மீதிக்குச் சுற்றியிருப்பதைக் கண்ணாடி போல் பிரதிபலிக்கிறது. அதனால்தான் அவ்வளவு குறைவாகக் காட்டியது.

தூரம் இன்னொரு கோளாறு. லேசர் புள்ளி எங்கே குறிவைக்கிறோம் என்று காட்டத்தான். அளப்பது அந்தப் புள்ளியை மட்டும் அல்ல. 12:1 (தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) என்று போட்ட கன்னை 120 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 10 செ.மீ. வட்டம் முழுவதற்கும் சராசரி வரும். என் விஷயத்தில் பாதி ஃபேன் கவரை அளந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) குறிவைத்தால் நல்ல இன்ஜினிலும் 200ஐத் தாண்டிக் காட்டும். அதைக் காட்டிப் பயமுறுத்தி ரேடியேட்டரையே மாற்றவைக்கலாம். எங்கே பிடிக்கிறார் என்று குனிந்து பாருங்கள்.

கருவி மோசமில்லை, நானும் இப்போது ஒன்று வைத்திருக்கிறேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸில் பக்கத்தில் வைத்து அளந்தால் நம்பலாம், ரப்பர் என்பதால் உள்ளே ஓடும் கூலன்ட்டை விடச் சில டிகிரி குறைவாக வரும், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் திறந்ததும் அந்த ஹோஸ் சட்டென்று சூடாவதும் தெரியும். ரேடியேட்டரில் ஒரு இடம் மட்டும் ஆறிக் கிடந்தால் அங்கே அடைப்பு இருக்கலாம். எதுவானாலும் ஓபிடி ஸ்கேனரில் (காரில் செருகி அதன் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் கருவி) கூலன்ட் வெப்பநிலையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ரொம்ப வேறுபட்டால், காரணம் தெரியாமல் எதையும் மாற்ற விடாதீர்கள். அப்புறம், நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு ஆகாது, 42, 43 டிகிரியோடு அதன் எல்லை முடிந்துவிடும்.

முதல் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "கன் காட்டினதைத்தானே சார் சொன்னேன்" என்றார். கழற்றிய பழைய சென்சாரையாவது கொடுங்கள் என்று வாங்கி வந்து, வெந்நீரில் முக்கி மல்டிமீட்டரில் பார்த்தேன். சூடு ஏற ஏற மின்தடை ஒழுங்காக இறங்குகிறது. அது கெட்டிருக்கவே இல்லை.