ஓடியோ டெக்னிக்கா எல்பி60எக்ஸ்: மட்டக்களப்பில் யார் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சேர்ப்பதில்லை. கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டிய குடும்பத்தில் மிஞ்சிய தட்டுகளைக் காப்பாற்ற நினைப்பவர் ஒருவர். காத்தான்குடியிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு, நாகூர் ஹனிபாவைத் தட்டில்தான் கேட்பேன் என்பவர் இன்னொருவர். உறைப் படத்துக்காகவே வாங்குகிறவர் உண்டு. நடு லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த இலக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முதல் அச்சா என்று தேடுகிறவரும் உண்டு. புதிதாக பிளேயர் வாங்க விசாரிக்கும்போது இவர்கள் அனைவர் காதிலும் முதலில் விழும் பெயர்களில் ஒன்று ஓடியோ டெக்னிக்கா நிறுவனத்தின் எல்பி60எக்ஸ். நல்ல மெஷின்தான், ஆனால் எல்லோருக்கும் அல்ல.

பெல்ட்டில் ஓடும் முழுத் தானியங்கி இது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானாகப் போய் இறங்கும், பக்கம் முடிந்ததும் திரும்பி வரும். நிமிடத்துக்கு 33⅓, 45 சுற்று என்று இரண்டு வேகம் மட்டும். ஊசியின் அழுத்தம் தொழிற்சாலையிலேயே ஏறக்குறைய 3 கிராமில் நிறுத்தப்பட்டது, மாற்ற வழியில்லை. சூட்கேஸ் போல மூடும் பொட்டிப் பிளேயர்களின் செராமிக் ஊசிகள் அழுத்துவதை விட இது குறைவு. ஒரு பக்கத்தில் ஓரிரு பாட்டு மட்டும் உள்ள 45 சுற்று இ.பி. தட்டுகளில் பழைய படப்பாட்டுச் சேர்ப்பவருக்கு இதைவிடச் சிக்கல் குறைந்த மெஷின் கிடைப்பது கடினம். நடு வட்டத்தை உடைத்தெடுத்த இ.பி.க்கு வேண்டிய அடப்டரும் பெட்டிக்குள்ளேயே வரும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு வைப்பவர், எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட படப்பாட்டு எல்.பி.களை (33⅓ சுற்றுப் பெரிய தட்டுகளை) தேடுபவர், தயங்காமல் எடுக்கலாம்.

அப்பாவின், தாத்தாவின் பெட்டியைத் திறந்தவர்கள் நிற்கவேண்டிய இடம் இது. பெட்டியில் இருப்பது பாரமான, விழுந்தால் உடையும் 10 அங்குலத் தட்டு என்றால் அது 78 சுற்று ஷெல்லாக், அதாவது அரக்குத் தட்டு. ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தட்டுகள் இந்த வகைதான். எல்பி60எக்ஸில் அந்த வேகமே கிடையாது. வேகம் ஒருபுறமிருக்க, ஊசியும் பொருந்தாது. இதன் ஊசி முனை 0.6 மில், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 0.6 பங்கு. 78 தட்டின் பள்ளத்துக்கு 3 மில் அளவில் முனை வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் போய் அங்கே கிடக்கும் தூசியைத்தான் வாசிக்கும், பாட்டுப் பதிந்த சுவரைத் தொடாது. அப்படிப்பட்டவர் காசைச் சேர்த்து அதே நிறுவனத்தின் எல்பி120எக்ஸ் வகைக்குப் போகவேண்டும். அதில் 78 வேகமும் உண்டு, அதன் விஎம்95 கார்ட்ரிட்ஜில் (ஊசியைப் பிடித்திருக்கும் சிறு பகுதி) 78க்கான விஎம்என்95எஸ்பி ஊசியை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் அச்சு தேடுகிறவரும், நாளுக்கொரு ஊசியை ஒப்பிட்டுக் கேட்கும் காதுக்காரரும் இதில் நிறைவடைய மாட்டார்கள். கார்ட்ரிட்ஜ் கையோடு ஒட்டியே இருக்கிறது. உறைக்காக வாங்குகிறவருக்கு எந்தப் பிளேயர் என்றாலும் ஒன்றுதான்.

மெஷினைக் கட்டும்போது பிழை வருவது இரண்டு இடத்தில். பெல்ட், தட்டுமேடையின் அடியில் முறுக்கில்லாமல் சுற்றியிருக்கவேண்டும். மேடையைப் பொருத்தியபின் அதைச் சுழற்றி, அதிலுள்ள துவாரத்தைப் பித்தளைக் கப்பிக்கு நேரே கொண்டுவந்து, பெல்ட்டிலுள்ள சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்து, பெல்ட்டைக் கப்பியில் மாட்டுங்கள். எண்ணெய் படிந்த விரல் பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும், பாட்டு ஆடும். இரண்டாவது, பின்புறச் சுவிட்ச். சாதாரண ஸ்பீக்கருக்கோ, ஒக்ஸ் துளைக்கோ கொடுத்தால் லைன், பழைய அம்ப்ளிஃபையரில் ஃபோனோ துளை இருந்தால் ஃபோனோ. மாற்றிவைத்தால் ஒலி கிணற்றடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும், இல்லை கரகரத்து வெடிக்கும்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பியதென்றால் மின் அடப்டரின் எழுத்தை வாசிக்காமல் செருகாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் எரிந்துபோகும். மெஷின் உள்ளே 12 வோல்ட் டி.சி.யில்தான் ஓடுகிறது, அதே முனையும் துருவமும் போதிய அம்பியரும் உள்ள அடப்டர் இங்கு வாங்கிக்கொள்ளலாம். டி.சி. மோட்டார் என்பதால் வேகம் மின்சாரத்தின் ஹேர்ட்ஸில் தங்கியில்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேயர்களில் இது பெரும் தலையிடி: 60 ஹேர்ட்ஸ் கப்பி போட்ட ஏ.சி. மோட்டாரை நமது 50இல் ஓட்டினால் 33⅓ சுற்று 28க்கு இறங்கி, பாடகரின் குரல் இழுபடும். அதோடு 100 வோல்ட் டிரான்ஸ்ஃபோமர் வேறு தேடவேண்டும்.

கரண்ட் நின்றால் ஊசி பள்ளத்திலேயே நின்றுவிடும். கையை விரலால் இழுக்காமல், முன்பக்க லிஃப்ட் பொத்தானால் தூக்குங்கள்.

ஒலிபெருக்கி செட்டிலிருந்து வந்த தட்டுகளை வாங்குகிறவர் ஒன்று தெரிந்திருக்கவேண்டும்: பல வருடம் பாரமான ஊசி உழுத பள்ளத்தின் சுவர் தேய்ந்திருக்கும். உரத்த இடங்களில் வரும் சரசரப்பு எந்த மெஷினாலும் போகாது. அழுக்கால் வரும் பொரிச்சத்தம் கழுவினால் போகும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரும் மெல்லிய துணியும் போதும், பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். ஷெல்லாக்கில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அது தட்டைக் கரைத்துவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழ் படுக்கையாய் அடுக்கிய தட்டு வளையும். மார்கழி மழையில் அட்டை உறையில் பூஞ்சணம் பிடிக்கும். நிறுத்தி அடுக்கி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஊசி 300 முதல் 500 மணி நேரம் வரை தாங்கும். தினம் ஒரு எல்.பி. கேட்பவருக்கு ஒரு வருடத்துக்கு மேல். வாங்கும்போதே இதற்கான மாற்று ஊசியான ஏடிஎன்3600எல் அசல் ஒன்றும் சேர்த்து எடுத்துவிடுங்கள், போலி ஊசிகள் அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன.