வாடகைப் பாத்திரக் கடைக்கு சாப்ட்வேர்: இரண்டு வருடம் கழித்தும் தீராத ஓ.டி.பி. தொல்லை

ஆலங்குளத்தில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க சாப்ட்வேர் எப்படி? முகூர்த்த நாள்ல போன் எடுத்து மாளல. ஒரு வாய் சோறு நிம்மதியா திங்க முடியல. வாங்கிப் போட்டுரலாமா?" ஐந்து நிமிடப் பேச்சில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடை அம்பாசமுத்திரத்தில், அப்பா காலத்துக் கடை. நாற்காலி 600, அண்டா 64, அப்புறம் வார்ப்பு, சருவம், வாளி, சமுக்காளம் எல்லாம் உண்டு. ஆட்கள் ஐந்து பேர். கணக்கு என் மனைவி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறியபோது எங்கள் கோடவுனுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டோம். நோட்டுகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. தை மாதக் கல்யாணங்களுக்கு யார் எவ்வளவு அட்வான்ஸ் தந்தார்கள் என்பது அதில்தான் இருந்தது. ஞாபகத்தில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டு, பத்து நாளில் திரும்ப எழுதினோம். எனக்குத் தெரிந்து ஒருவரும் தொகையைக் கூட்டிச் சொல்லவில்லை. அந்த நன்றி இன்னும் என் மனதில் இருக்கிறது. அடுத்த மாதமே சாப்ட்வேர் வாங்கினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேதியையும் பொருளையும் தட்டினால், அன்றைக்கு எத்தனை கையில் மிச்சம் என்று உடனே காட்டும். முன்பு ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று வீட்டாரிடம் அதே எட்டு அண்டாவைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, விடிய விடியக் கல்லிடைக்குறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் கடன் கேட்டு அலைந்திருக்கிறேன். இரண்டு வருடமாக அது ஒருமுறைகூட நடக்கவில்லை. ஜிஎஸ்டி விஷயமும் அப்படித்தான். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாங்கள் தாண்டிவிட்டோம். மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ம் தேதிக்குள் வரி. முன்பு 9-ம் தேதியே ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும். இப்போது மனைவி ஒரு மணி நேரத்தில் எடுத்து அனுப்பிவிடுகிறாள்.

ஒவ்வொரு பெரிய பாத்திரத்துக்கும் நம்பர் வேண்டும் என்று சாப்ட்வேர் கேட்டது. பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து முற்றத்தில் உட்காரவைத்தோம். அப்பா பெயரின் முதல் எழுத்து ஏற்கெனவே வெட்டியிருந்த விளிம்பில், அதற்குப் பக்கத்திலேயே 1 முதல் 64 வரை வெட்டினார். இரண்டு நாள் தெரு முழுக்க அந்தக் கிர்ர் சத்தம். 37-ம் நம்பர் அண்டாவின் அடியில் ஒட்டுப்போட்டிருக்கும். அதை எந்தச் சமையல்காரத் தவசுப்பிள்ளை வாங்கிப்போனார், எப்போது திரும்பியது என்று இப்போது கடைப் பையனே சொல்லிவிடுவான். அதற்காகவே கொடுத்த பணம் தகும் என்று அப்போது நினைத்தேன்.

இனி ஓ.டி.பி.க்கு வருகிறேன். இந்த சாப்ட்வேரில் இரண்டே வகை ஆட்கள்தான். முதலாளி, வேலையாள். வேலையாள் பில் போடலாம், சாமான் ஏற்றலாம், இறக்கலாம். பத்து ரூபாய் குறைக்க வேண்டுமென்றாலும், காணாமல் போன ஒரு கரண்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றாலும், என் செல்போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதை நான் படித்துச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் இதைப் பெரிய பாதுகாப்பு என்று நம்பினேன். எனக்கு வரும் போன் குறையவில்லை. "அண்ணாச்சி, எவ்வளவு விடட்டும்?" என்று கேட்டவர்கள் "அண்ணாச்சி, நம்பர் சொல்லுங்க" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 ஆகஸ்ட் 4 ஆடி அமாவாசை. அதற்கு மலைமேல் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். புலிகள் காப்பகம் என்பதால் பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். எவர்சில்வர் தட்டு, டம்ளருக்கு அவ்வளவு கிராக்கி. முந்தின நாள், சனிக்கிழமை, நானே வண்டியோடு மேலே போயிருந்தேன். மேலே என் போனுக்கு டவர் கிடையாது.

அன்று கடைக்கு வெள்ளிக்கிழமைக் கோயில் கொடைத் திருவிழா முடிந்து சாமான் திரும்பி வந்திருக்கிறது. நாலு ஜல்லிக்கரண்டி, இரண்டு வாளி குறைவு. கொடைக்காரர்கள் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். மீதியைத் தள்ளுபடி செய்ய ஓ.டி.பி. வேண்டும். அது முடியாதவரை அந்த ரசீது மூடாது. ரசீது மூடாதவரை அதிலிருந்த ஆறு அண்டாவும் வெளியே இருப்பதாகவே திரை காட்டும். அதே ஆறு அண்டாதான் மறுநாள் பாபநாசத்தில் அன்னதானத்துக்குப் போக வேண்டியது. கழுவி, முற்றத்தில் கண் முன்னால் கவிழ்த்து வைத்திருக்கிறது. கணினியோ இருப்பு இல்லை என்கிறது. வண்டிக்காரர் நாலு மணிக்கு வந்து நின்றவர், ஏழு மணி வரை நின்றார். கடைசியில் பையன் ஒரு பழைய சீட்டில் கையால் எழுதி அனுப்பிவிட்டான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நான் பாபநாசம் செக்போஸ்ட் வந்து இறங்கியதும் போன் அடுத்தடுத்து அடித்தது. பதினாலு ஓ.டி.பி. எல்லாம் காலாவதி. கடைக்கு வந்து, "ஏழு மணி வரைக்கும் ஏம்லே நின்ன? முதல்லயே சீட்டுல எழுதி அனுப்பியிருக்கலாமே" என்றேன். "நீங்க ஏசுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். எங்களிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிற பையன். எந்தக் கரண்டி எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன். கூடிப்போனால் ஐந்நூறு ரூபாய் விஷயம். அதை முடிவு செய்கிற தைரியத்தை நான் அவனுக்குக் கொடுக்கவே இல்லை. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் மனைவியும் நானும் உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் எழுதினோம். ஐந்நூறு ரூபாய் வரை குறைந்தால் பையனே பேசி முடிக்கலாம். புதிய தேதி வாங்குவதும் அட்வான்ஸும் மனைவி பொறுப்பு. எந்த வண்டி எங்கே முதலில் என்பதை டிரைவர் சொல்வதுதான். ஒரே நாளில் இரண்டு பெரிய வேலை மோதினாலோ, புதுப் பாத்திரம் வாங்க வேண்டியிருந்தாலோ, யாராவது முழுக்கடன் கேட்டாலோ மட்டும் என்னிடம் வரலாம். தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினோம். முதல் மாதம் எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. நான் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன் என்ற இடத்தில் பையன் 480 ரூபாய் விட்டான். ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அந்த வீட்டார் அடுத்த கல்யாணத்துக்கும் எங்களிடமே வந்தார்கள்.

இந்தத் தாளுக்கு ஏற்றபடி சாப்ட்வேரை மாற்றித் தரச் சொல்லி ஐந்து முறை பேசியிருக்கிறேன். மூன்றாவதாக ஒரு நிலை, தொகைக்கு ஒரு வரம்பு. அவ்வளவுதான் கேட்கிறேன். "அடுத்த அப்டேட்ல வரும் சார்" என்கிறார்கள். ஒன்றரை வருடமாக அதே பதில். அதனால் ஓ.டி.பி. வருகிற சிம்மைக் கழற்றி ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, சணல் கயிற்றில் கட்டி, கல்லாப்பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். நம்பர் வந்தால் அங்கே இருக்கிறவர்களே பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். கடை நடத்துகிறவனுக்கு ஐந்து பேரை நம்பத்தான் வேண்டியிருக்கிறது. அந்தச் சாதாரண விஷயத்துக்கு இடம் வைக்காமல் ஒரு சாப்ட்வேர் செய்து விற்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மூன்றாம் வருடச் சந்தா நேற்றுதான் கட்டினேன். தேதி காட்டும் அந்த ஒரு பக்கம் இல்லாமல் இனி என்னால் ஆவணியைத் தாண்ட முடியாது. இருந்தாலும் ஆலங்குளம் அண்ணாச்சி, நீங்கள் இப்போது வாங்க வேண்டாம். இந்த முகூர்த்த மாதம் முழுக்க உங்களுக்கு வருகிற ஒவ்வொரு போனும் எதற்காக வந்தது, உங்களைக் கேட்காமல் யார் அதை முடித்திருக்கலாம் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பாசமுத்திரத்துக்கு வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குப் போன் வருவதில்லை.