அக்கி தடுப்பூசி: 2 டோஸும் போட்டாச்சு

ஐம்பதைத் தாண்டியதும் டாக்டர் சொன்னார், போட்டுக்கொண்டேன். முதல் டோஸ் அன்று ராத்திரியே கை கல்லு மாதிரி கனத்து, குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாள் முழுக்கப் படுக்கைதான். பயந்து கிளினிக்குக்குப் போன் செய்தால், "அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்கள். இதை முன்னாடியே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் தேடிப் படித்ததில்தான் புரிந்தது. இந்த ஊசியில் வைரஸின் ஒரு புரதத்தோடு, நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடும் துணைப்பொருளும் இருக்கிறது. அது முதல்கட்டப் பாதுகாப்பு செல்களை எழுப்ப, அவை வெளிவிடும் சைட்டோகைன்கள் என்ற சேதி சொல்லும் புரதங்கள் மூளைக்குப் போய்ச் சூட்டை ஏற்றுகின்றன. ஊசிக்குள் உயிருள்ள வைரஸே கிடையாது, அதனால் அந்தக் காய்ச்சல் அக்கி நோயும் இல்லை.

என் மனைவிக்கு லேசான கைவலி மட்டும்தான். அவளுக்கு ஊசி வேலை செய்யவில்லையோ என்று கவலைப்பட்டோம், வீண் கவலை. ஆன்டிபாடி உருவாவது அதற்கடுத்த வாரங்களில். காய்ச்சல் வராதவர்களுக்கும் உருவாகும். 50 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பலன், ஆனால் எல்லாருக்குமா காய்ச்சல் வந்தது?

ஊசிக்கு 4 நட்சத்திரம். கிளினிக்குக்கு 2. இரண்டாவது டோஸை வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொண்டேன், லீவு மிச்சம்.