வாரக் காய்கறிப் பெட்டி: ஒரு வருஷத்துக்கு மேல் சமைத்த அனுபவம்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் உள்ள ஒரு பண்ணையில் சந்தா கட்டி, வாரம் ஒரு பெட்டி காய்கறி வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. அந்த வாரம் நிலத்தில் எது விளைந்ததோ அதுதான் வரும். கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: கார்த்திகையிலிருந்து மாசி வரை தாராளமாகக் கட்டலாம். கோடைக்கு மட்டும் யோசியுங்கள்.

எனக்குப் பெரிய லாபம் முள்ளு கத்தரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடிக் காய். பறித்த சூட்டோடு வருவதால் காம்பு பச்சையாக இருக்கும், முள் நன்றாகவே குத்தும். அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் காம்பை அரிந்துவிட வேண்டும். நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. கடைசலுக்கு இதை அடிக்க வேறு காய் கிடையாது. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, துளி புளியோடு மண்சட்டியில் குழைய வேகவிட்டு, தண்ணீரைத் தனியே இறுத்துவிட்டுக் கடையுங்கள். அப்புறம் அந்தத் தண்ணீரைத் தேவைக்குச் சேர்த்தால் பதமாக வரும். கேழ்வரகுக் களிக்கும் இட்லிக்கும் இது ஒன்றே போதும்.

மார்கழி, தையில் பச்சை மொச்சை வரும். எங்கள் வீட்டில் எல்லாரும் காத்திருக்கும் பெட்டி அதுதான். உரித்த கொட்டையை ராத்திரி ஊறவைத்தால், காலையில் இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தியதும் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். என் மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு படி கொட்டையைப் பிதுக்கி முடித்துவிடுவார். "கொதி வந்தப்புறம் போடும்மா, இல்லைன்னா கரைஞ்சிடும்" என்பார். உண்மைதான். தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்ட குழம்பில் பிதுக்குப் பருப்பைக் கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும்.

குறையும் உண்டு. ஐப்பசி மழையில் கீரையை ஈரத்தோடு கட்டி, மேலே பூசணிக்காயை வைத்து அனுப்பினார்கள். அடிக்கட்டு அழுகிப்போயிருந்தது. சொன்ன பிறகும் இரண்டு மூன்று வாரம் அதே கதை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இப்போது செய்தித்தாளில் சுற்றித் தனியாக வருகிறது. எப்படி வந்தாலும் கீரையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். வெண்டை, அவரை மறுநாள். பூசணியும் கிழங்கும் வாரக்கடைசி வரை தாங்கும்.

வெயில் 40 டிகிரியைத் தாண்டும் சித்திரை, வைகாசியில் பெட்டி மெலிந்துவிடும். சுரை, பீர்க்கு, முருங்கை, மறுபடியும் சுரை. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முருங்கையோடு மாங்காய் போட்டு சாம்பார் என்று ஓட்டலாம். கொத்தவரை மிஞ்சினால் உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்து மொட்டைமாடியில் காயவைக்கிறேன். மழைக்காலக் காரக்குழம்புக்கு அந்த வற்றல் ஆகும்.

விலை என்று பார்த்தால் டோல்கேட் உழவர் சந்தைதான் மலிவு. கேரட், பீன்ஸ், கோஸ் எப்படியும் வெளியில்தான் வாங்க வேண்டும். இந்த வருஷம் கோடைக்கு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று கேட்டேன். சரி என்று ஒத்துக்கொண்டார்கள்.