மார்த்தாண்டம் ஃபிரேம் கடையும் என் நக்கூரா படமும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஒடுக்கமான மாடிப்படி. ஏறினால் ஃபிரேம் கடை. பெயர்ப்பலகை கிடையாது, சுவர் முழுக்கத் தொங்கும் மாதா படங்களும் முருகன் படங்களும் செத்துப்போன தாத்தாமாரும்தான் அடையாளம். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே ஒரு படம், ஒரு மெடல், ஒரு நீல பெரே தொப்பி மூன்றையும் கொண்டுபோனேன். ஒரே பெட்டி ஃபிரேமில் அடக்க வேண்டும். வேலை எப்படி இருந்தது என்று கேட்ட கூட்டாளிகளுக்காக எழுதுகிறேன்.

படத்தின் கதையைச் சொன்னால்தான் கடைக்காரர் பட்ட பாடு புரியும். நான் ராணுவத்தில் டிரைவர். 2014-ல் எங்கள் பட்டாலியன் தெற்கு லெபனானில், ஐ.நா.வின் யூனிஃபில் என்ற அமைதிப்படையில் இருந்தது. 1998 முதல் இந்தியா அங்கே பட்டாலியன் அனுப்புகிறது. ஊர்க்காரர்களின் ஆடுமாடுகளுக்கு வைத்தியம் பார்க்க எங்களோடு மிருக டாக்டரே இருந்தார். அந்த ஜூலையில் படையின் தலைமை மாறியது. அதிகாரிகளை வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மலைப்பாதை இறங்கி, கடலோரத்தில் இருக்கும் நக்கூரா தலைமையகத்துக்குப் போனேன். அந்தக் கடலைப் பார்த்ததும் முட்டம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், அங்கே மீன் நாற்றம் இல்லை.

நம் யூனிட்டில் புது சி.ஓ., அதாவது கமாண்டிங் ஆபீசர், சார்ஜ் எடுத்தால் ஹேண்டிங் ஓவர், டேக்கிங் ஓவர் என்று காகிதத்தில் கையெழுத்து, ஒரு சலூட், அப்புறம் சாயா. அங்கே அப்படி இல்லை. அணிவகுப்பு, இறந்த வீரர்களுக்கு மலர்வளையம் எல்லாம் முடிந்து, போகிற ஃபோர்ஸ் கமாண்டர் பாவ்லோ செர்ரா நீலக் கொடியை எடுத்து, வருகிற லூசியானோ போர்த்தொலானோ கையில் கொடுத்தார். இரண்டு பேருமே இத்தாலிக்காரர்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்த படை அந்தக் கம்போடு கை மாறியது. இவர் விடவில்லை, அவர் பிடித்துவிட்டார். அந்த ஒரு நொடியை வண்டிகள் நின்ற இடத்திலிருந்து என் சின்ன கேமராவில் எடுத்தேன். மெமரி கார்டு எங்கோ தொலைந்தது. மிச்சம் ஒரே ஒரு பிரிண்ட். அதிலும் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை ஏறிவிட்டது.

கடைக்காரர் படத்தை லைட்டுக்கு அடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல நீங்க யாரு?" என்றார். நான் இதில் இல்லை என்றதும் அவருக்கு ஆர்வம் பாதி போய்விட்டது.

பத்து நாளில் தருகிறேன் என்றார். பதினெட்டு நாள் ஆனது. வாங்கிப் பார்த்தால் வயிறு எரிந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் பூஞ்சையை நன்றாகவே எடுத்திருந்தான். ஆனால் முகங்களை மெழுகு பூசினமாதிரி வழவழப்பாக்கி, ஃபிரேம் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்று இரண்டு ஜெனரல்களின் மார்போடு படத்தை வெட்டிவிட்டான். கைகளும் இல்லை, கொடியும் இல்லை. கல்யாண மண்டப வாசலில் நிற்கிற இரண்டு சம்பந்திகள்போல் இருந்தார்கள். மெடலையும் பின்பக்கம் முன்னால் வரும்படி பசைபோட்டு ஒட்டியிருந்தான். "மக்களே, இதுக்குத்தான் ஏழு கடல் தாண்டிப் போனேனா?" என்று கேட்டேன். பையன் பயந்துபோனான்.

ஆனால் கடைக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, முழுக்கதையையும் கேட்டார். முதல் ஸ்கேனை அழிக்காமல் வைத்திருந்தது புண்ணியம். என் பக்கத்தில் வைத்தே வேலையைத் திரும்பச் செய்தார்கள். கொடிக்கம்பு நடுவில், நான்கு கைகளும் தெரிய. முகத்தில் கைவைக்கவே இல்லை. மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். கொடியின் நீலத்தைக் கருநீலமாக்கியிருந்தான், அதையும் பழைய வெளிர்நீலத்துக்கு இறக்கினான். மெடலைப் பசையில்லாமல் பின்னால் நூல்கட்டி நிறுத்தினார்கள். ஐ.நா. சின்னம் முன்பக்கம் வரவேண்டும். 'அமைதியின் சேவையில்' என்று ஆங்கிலத்தில் இருப்பது பின்பக்கம். 90 நாள் அங்கே வேலை பார்த்தால் கிடைக்கிற மெடல் அது.

பொருள்பற்றிச் சொல்ல வேண்டும். தேக்குப் பட்டை வேண்டாம், ஃபைபர் போதும் என்று அவரே சொன்னார், விலை குறைவாக இருந்தும். கடற்கரை ஊர்களில் பின்பலகைதான் முதலில் ஊறுமாம். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அரை இஞ்ச் இடைவெளி விட்டார். ஒட்டிக்கிடந்தால் மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு போய்விடும். என் வீட்டுப் பழைய கல்யாணப் படம் அப்படித்தான் போனது, அதனால் நம்பினேன். இரண்டு தடவை நல்ல மழை பெய்தாயிற்று, உள்ளே ஒரு பொட்டு ஆவி இல்லை.

மொத்தம் 1,850 ரூபாய். இரண்டாம் தடவைக்குத் தனியாக வாங்கவில்லை. வேலைக்கு ஐந்தில் நாலு, நேரத்துக்கு ஐந்தில் இரண்டு.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு ஃபிரேம் என்று வீட்டில் கேட்டார்கள். 2025 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் யூனிஃபிலுக்குக் கடைசி நீட்டிப்புக் கொடுத்தது, 2026 டிசம்பர் 31 வரை. 1978-ல் தொடங்கிய படை. 2001 முதல் 2004 வரை நம்முடைய லலித் மோகன் திவாரியும் அதன் கமாண்டராக இருந்தார். ஸ்பெயின்காரர் லசாரோவிடமிருந்து இத்தாலிக்காரர் அபஞாராவுக்கு 2025 ஜூனில் தலைமை மாறியது. கடைசி நீட்டிப்பு என்ற செய்தியைப் படித்த அன்றுதான் பெட்டியைத் திறந்து இந்தப் பிரிண்டைத் தேடினேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு விடுமுறை. வண்டியைப் பாலத்துக்குக் கீழே நிறுத்த இடம் பார்த்து அலையாதீர்கள், பஸ்ஸில் போங்கள். படத்தில் எதை வெட்டக்கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் வாயால் சொன்னேன்.