நெல் அரவை ஆலையில் கேட்6 கேபிள்: நிலைத்ததும் கைவிட்டதும்

நீடாமங்கலம் பக்கம் உள்ள எங்கள் நெல் அரவை ஆலையில் நெட்வொர்க் கேபிள் இழுத்தது 2019-இல், கஜா புயல் அடித்த மறு ஆண்டு. அலுவலகம், எடை மேடை, கிடங்கு, களத்துக் கேமராக்கள் எல்லாம் ஒரே ஒப்பந்தம். இத்தனை காலப் புழக்கத்தில் நடுவழியில் கெட்ட கேபிள் அரிது. தொல்லை கொடுத்தவை பெரும்பாலும் முனைகள்தான்.

வேலை முடிந்த அன்று கேபிள் டெஸ்டரில், கம்பிக்கு ஒன்றாக, எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "எல்லாம் சரி சார்" என்று சொல்லிவிட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அலுவலகத்தில் குறையில்லை, கிடங்குக் கோடிக்குப் போன இணைப்பு மட்டும் தவழ்ந்தது. பிறகு கும்பகோணத்திலிருந்து வந்தவர் முனையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும். அவற்றை ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறார்கள். 568பி என்ற கம்பி வரிசை முறையில் பச்சை ஜோடி 3-ஆம் பின்னிலும் 6-ஆம் பின்னிலும் பிரிந்து உட்கார வேண்டும். நீல ஜோடி அதற்கு நடுவே, 4-லும் 5-லும். இரு முனையிலும் ஒரே தவறு என்பதால் மலிவு டெஸ்டர் தலையாட்டிவிட்டது. கம்பி தொடர்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். ஒரே சமிக்ஞை இரண்டு வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்து ஓடுவதும், அதனால் பக்கத்து ஜோடியின் இரைச்சல் ஏறுவதும் அதற்குத் தெரியாது. தூரம் குறைந்த இடத்தில் இந்தக் குறை வெளியே தெரியாமலே ஓடும் என்பதுதான் வம்பு.

கேபிள் முனையிலிருந்து வெட்டியெடுத்த கனெக்டர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலுறை அதற்குள் நுழையவே இல்லை. இழுவை முழுவதையும் மெல்லிய கம்பிகளே தாங்கியிருக்கின்றன. முறுக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் பிரித்திருந்தார்கள். 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. செம்பு நிறக் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு.

களத்துக் கேமராக்கள் பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் அணைந்து அணைந்து எழுந்த மர்மமும் அதோடு தீர்ந்தது. அவற்றுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மின்னோட்டம் கூடுகிறது. இந்தப் பூச்சுக் கம்பியின் மின்தடை செம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நீளமான ஓட்டத்தில் வோல்ட்டேஜ் இறங்கிவிடுகிறது. கேமராவைக் குறை சொல்லி அதை மாற்றியது வீண் செலவு. முழுச் செம்புக் கேபிளின் பெட்டி தூக்கும்போதே கனமாக இருக்கும். கடையில் ஒரு துண்டு வெட்டிச் சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

மறுபடி செய்தபோது சுவரில் கீஸ்டோன் ஜாக் என்ற கேபிள் சொருகி வைத்து, கம்பிகளை அதில் அழுத்திப் பதிக்கும் பஞ்ச் டூலால் அடித்து, அங்கிருந்து கணினிக்கு பேட்ச் கார்டு என்ற ஆயத்தக் குட்டைக் கேபிள் போட்டோம். நாற்காலி இடித்துக் கெடுவது இனி கார்டு மட்டும். உள்ளே போன இணைப்புகள் அன்றிலிருந்து ஜிகாபிட் வேகத்தில் நிற்கின்றன.

வெளியே கதை வேறு. சாம்பல் நிற உறை வெயிலில் வெடித்தது. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கி, கேமரா முனையில் பின்கள் பச்சை பூத்தன. இப்போது ஜெல் நிரப்பிய கறுப்புக் கேபிள். பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுகிறோம். சொட்டு அங்கேயே விழுந்துவிடும். எடை மேடை, இந்தக் கேபிளுக்குரிய 100 மீட்டர் வரம்புக்கு அப்பால் இருப்பதால் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வைத்திருந்தார்கள். இடி மழையில் அதன் போர்ட்டுகள் கருகியபின் அந்தத் தடத்தை ஃபைபராக்கிவிட்டேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, தூரமும் பிரச்சினையில்லை.

எலிக்கு மட்டும் இன்னும் முழுத் தீர்வில்லை. பிவிசி பைப்பையே கடிக்கிறது. கிடங்குச் சுவரின் அடிப்பகுதியில் இரும்புக் குழாய் போட்டபின் அங்கே சேதமில்லை. கூரைச் சட்டத்தின் மேலே போகும் கேபிளை அறுவடைக்கு அறுவடை ஏறிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.